சாந்திநிகேதனமும் பெற்றோர் எதிர்பார்ப்பும்

கல்வியின் பயன் யாதென வினவினால், ஆசிரியர் ஒன்று கூறுவர். பெற்றோர் பிறிதொன்று கருதுவர். ஒரு தத்துவத்தை அடிப்படையாகக் கொண்டு எழுந்த பாடசாலைகளில் இவ்வேற்றுமை நன்கு புலப்படும். மகாகவி தாகூர் வங்கத்தில் நிறுவிய சாந்திநிகேதனப் பாடசாலையின் வரலாறே இதற்குத் தக்க சான்றாகும்.

1901ஆம் ஆண்டில் ஐந்து மாணாக்கரோடு அது தொடங்கியது. அவருள் ஒருவர் கவிஞரின் மைந்தர். பண்டைத் தபோவனக் கல்வியே இலட்சியம்; மரநிழலே வகுப்பறை. பிள்ளையின் உள்ளம் இயற்கையோடும் இசையோடும் இயைந்து தானே மலர வேண்டும் என்பது தாகூரின் கொள்கை. இளமையிற் பள்ளிக்கூடத்தை வெறுத்து நீங்கியவர் அவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆயின், பிள்ளைகளை அனுப்பியவர் யாது கருதி அனுப்பினர்? கொள்கையை விரும்பி அனுப்பினோர் சிலர். வீட்டில் அடங்காத பிள்ளை ஆச்சிரமத்தில் அடங்குவான் என எண்ணி அனுப்பினோரும் உளர். எவராயினும் மகன் பரீட்சையிற் சித்தியடைதல் வேண்டும் என்பதை மறந்தாரல்லர். ஆதலின், கல்கத்தாப் பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சைக்கு மாணாக்கரை ஆயத்தஞ் செய்வதைக் கவிஞராலும் தவிர்த்தல் இயலவில்லை. 1911 அளவில் கிழக்கு வங்க அசாம் அரசாங்கம், அரசாங்க ஊழியரின் புதல்வர் பயில்வதற்கு இவ்விடம் ஏற்றதன்று எனச் சுற்றறிக்கை விடுத்தபோது, தந்தையர் சிலர் பிள்ளைகளைத் திருப்பி அழைத்துக்கொண்டனர். அவர்களைக் கோழைகள் என்று இகழ்தல் எளிது, யான் இகழேன். உத்தியோகம் போனால் அடுப்பெரிவது எங்ஙனம்?

பாடத்திட்டம் என்னும் விலங்கு கழன்றாற் போதும் எனக் கனவு காணும் ஆசிரியர் நம்மிடையேயும் பலர். அங்கே விலங்கு தளர்ந்தது, சுமை மிகுந்தது. மாணாக்கரோடு உடனுறைந்து, விடியல் முதல் இரவு வரை வாழ்ந்து காட்டிக் கற்பிக்க வேண்டியதாயிற்று. பொருள் முட்டுப்பாட்டினால் தாகூரின் மனைவியார் தம் நகைகளையும் விற்கக் கொடுத்தார். சதீஷ் சந்திர ராய் என்னும் இளங்கவிஞர் தமது பட்டப் பரீட்சையையே கைவிட்டு வந்து கற்பித்தவர். 1904இல் வைசூரி கண்டு இளவயதிலேயே மறைந்தார்.

1924இல் தாகூர் சிக்ஷாசத்திரம் என்னும் வேறொரு பாடசாலையை ஏழைக் கிராமப் பிள்ளைகளுக்காகத் தொடங்கினார். அவர்தம் பெற்றோர் பரீட்சைப் பேறுகளை நாடாதவர். ஆதலின் கைத்தொழிலும் தோட்டவேலையும் கூடிய முழுமையான கல்வியை ஆங்குத் தடையின்றி நடத்தலாம் என நம்பினார். இதனை எண்ணுந்தோறும் எனக்கு மகிழ்ச்சியும் துயரும் ஒருங்கே தோன்றும். வசதியுள்ளவன் பிள்ளைக்குப் பரீட்சை. வழியற்றவன் பிள்ளைக்கு இலட்சியம்! அவ்வேழைத் தந்தை எதிர்பார்க்கவில்லை என்றால், எதிர்பார்க்க அவனுக்கு எவரும் இடங்கொடுக்கவில்லை என்பதன்றோ பொருள்?

டாக்காவிற் பயின்று பின் சாந்திநிகேதனம் சேர்ந்த அமர்த்தியா சென், போட்டியினும் அறிவு வேட்கையையே அப்பாடசாலை போற்றியது எனக் கூறியுள்ளார். 1998இல் அவர் நோபல் பரிசு பெற்றார். எனினும், அத்தகைய ஒருவரைக் காட்டி நூறு பெற்றோரைத் தேற்றுதல் முறையன்று. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை நினைந்து உறக்கமிழக்கும் நம்மூர்த் தாய்க்கு வேண்டுவது நேரான விடை. புதுமுறைப் பாடசாலை நடத்துவோர், எதைத் தருவோம், எதைத் தரமாட்டோம் என்பதைப் பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே அவளிடம் கூறிவிடல் வேண்டும்.

நம் நாட்டிலும் 1934 மே மாதத்தில், சாந்திநிகேதனத்தை முன்மாதிரியாகக் கொண்ட ஸ்ரீபாலிக்கு ஹொரணையில் தாகூரே அடிக்கல் நாட்டினார். இன்று அது அரசாங்கப் பாடசாலை. அதன் மாணாக்கரும் பொதுப் பரீட்சைகளுக்கே தோற்றுகின்றனர்.