பிக்கப் இல்லாத படகு மோட்டார்: பிளக்கை மாற்றும் முன்

சிராங்கூன் சாலையில் ஏறி, மேல் சிராங்கூன் சாலை, பொங்கோல் சாலை என்று வடகிழக்கே போய்க்கொண்டே இருந்தால் ஜொகூர் நீரிணை வந்துவிடும். சிங்கப்பூரின் மிதவை மீன்பண்ணைகளில் பெரும்பாலானவை அந்த நீரிணையில்தான் இருக்கின்றன. தூண்டில் போடக் கிளம்பும் சிறு படகுகளும் அங்கே நிறைய. அவற்றின் பின்புறத்தில் தொங்கும் அவுட்போர்டு மோட்டார்களில் இருபது, முப்பது வருடப் பழசான டூ-ஸ்ட்ரோக் வகைகளை இன்றும் பார்க்கலாம். கயிற்றை எத்தனை தடவை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை, ஸ்டார்ட் ஆனாலும் த்ராட்டிலைத் திறந்தால் பிக்கப் இல்லை என்று படகுக்காரர் சொன்னதும், கேட்பவரிடமிருந்து பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: மோட்டாருக்கு வயதாகிவிட்டது. அடுத்து பிளக்கை மாற்று, ஆயிலைக் கூட்டு, 98 பெட்ரோல் போடு என்று வரிசையாக யோசனைகள் வரும். வயதைக் குற்றம் சொல்லும் இந்தப் பழக்கம்தான் பல நல்ல மோட்டார்களைப் பழைய இரும்புக்கு அனுப்புகிறது என்பது என் உறுதியான எண்ணம். இந்த மோட்டார்கள் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அவற்றுக்குக் கிடைக்காமல் போன ஏதோ ஒன்றுதான். அது என்னவென்று சில வெள்ளி விலையுள்ள கருவிகளே காட்டிக்கொடுத்துவிடும்.

எந்தப் பெட்ரோல் மோட்டாரும் ஓட மூன்று வேண்டும்: சிலிண்டருக்குள் போதிய கம்ப்ரஷன், சரியான நேரத்தில் வலுவான தீப்பொறி, சரியான அளவில் பெட்ரோலும் காற்றும். ஸ்டார்ட் ஆகாவிட்டால் பிளக்கை மாற்று என்பவர்கள் இந்த மூன்றில் ஒன்றை, அதிலும் அதன் கடைசி முனையை மட்டும் பார்க்கிறார்கள். பிளக்கைக் கழற்றி, மோட்டாரின் உலோகத்தில் வைத்துக் கயிற்றை இழுத்து, பொறி தெரிந்ததும் கரன்ட் நன்றாக வருகிறது என்று முடிவு கட்டுவதும் இதே வகைதான். திறந்த காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக மின்னழுத்தம் தேவையில்லை. பிஸ்டன் காற்றை அமுக்கிய பிறகு அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு மின்னழுத்தம் வேண்டும். வெளியே நன்றாகத் தெரிந்த பொறி உள்ளே செத்துப்போவது அதனால்தான். இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு ஸ்பார்க் டெஸ்டர் இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. பல பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் இடைவெளியைப் பொறி நீல நிறத்தில் 'டக் டக்' என்று தாண்ட வேண்டும். மஞ்சளாக, நூல்போல, விட்டுவிட்டு வந்தால் காயில், பவர் பேக், ஸ்டேட்டர் என்று மேலே தேட வேண்டும். டெஸ்டரைத் திறந்திருக்கும் பிளக் துளைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கக் கூடாது. அந்தத் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வந்துகொண்டிருக்கும்.

பேட்டரியில் ஸ்டார்ட் ஆகும் மோட்டாரில் இன்னொரு ஏமாற்று உண்டு. பழைய சி.டி.ஐ. வகைகளில் பிளைவீல் போதிய வேகத்தில் சுற்றினால்தான் பொறியே உருவாகும். பலவற்றுக்கு நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்றாவது வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தால் ஸ்டார்ட்டர் சுற்றுவது காதில் கேட்கும், பொறி மட்டும் வராது. பவர் பேக் போய்விட்டது என்று நம்பிப் பெரிய தொகை செலவழிப்பவர்கள் முதலில் பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் பச்சை உப்பைத் தேய்த்துவிட்டுப் பார்க்கலாம். அதற்கும் முன்னால், சிவப்புக் கயிற்றில் தொங்கும் கில் சுவிட்ச் கிளிப் இடத்தில் இருக்கிறதா, கியர் நியூட்ரலில் நிற்கிறதா என்று ஒரு பார்வை போதும்.

இனி பெட்ரோல். மோட்டார் ஸ்டார்ட் ஆகாதபோது கழற்றிய பிளக் நிறையச் சொல்லும். பலமுறை இழுத்த பிறகும் அதன் முனை காய்ந்திருந்தால் சிலிண்டருக்குள் பெட்ரோல் போகவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் போகிறது, எரியத்தான் இல்லை. மற்றவை கறுத்திருக்க, ஒரே ஒரு பிளக் மட்டும் கழுவித் துடைத்ததுபோல் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். இவ்வளவையும் சொல்லும் ஒரு பொருளைப் பார்க்காமலே குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுவது பெரிய இழப்பு. மாதக்கணக்கில் டாங்கில் கிடந்த பெட்ரோலின் மேல் கொஞ்சம் புதுப் பெட்ரோல் ஊற்றினால் சரியாகிவிடும் என்பதையும் நம்ப முடியாது. பெட்ரோலில் முதலில் பற்றிக்கொள்ளும் இலேசான பகுதிதான் முதலில் ஆவியாகிப் போகிறது, மீதி பிசினாகப் படிகிறது. நம் ஊர் வெப்பத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். கார்புரேட்டரின் ஐடில் ஜெட்டில் உள்ள துளை மிகச் சிறியது. துளியளவு பிசின் அதை அடைத்துவிடும். புதுப் பெட்ரோல் அதைக் கரைப்பதில்லை, கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

98 போட்டால் சட்டென்று பிடிக்கும் என்பது பெட்ரோல் பம்ப்பின் விலைப் பலகை தரும் மயக்கம். ஆக்டேன் எண் எரிபொருளின் வீரியத்தை அளப்பதில்லை. அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அது காட்டுகிறது. கம்ப்ரஷன் குறைவான பழைய மோட்டாருக்கு அந்தத் தாங்குசக்தியால் ஒரு பயனும் இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் கன்னியாகுமரிக் கடற்கரையையும் யாழ்ப்பாணத்தையும் நினைத்துப் பார்க்கலாம். அங்கே மீனவர்களின் அவுட்போர்டு மோட்டார்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறி நாள் முழுக்க ஓடுகின்றன. மண்ணெண்ணெயின் ஆக்டேன் எந்தப் பெட்ரோலையும்விட மிகக் குறைவு. அதற்கேற்றபடி கட்டிய மோட்டார் அதில் உழைக்கிறது. உங்கள் மோட்டாரின் கையேடு எதைச் சொல்கிறதோ அதைப் போடுங்கள், மிச்சமாகும் காசில் ஒரு ஃபில்டர் வாங்குங்கள். ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கும் பழக்கம் இதைவிட மோசமானது. டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் கிடைக்கும் ஆயில் பெட்ரோலோடு கலந்து வருவது மட்டும்தான். ஈதர் ஸ்பிரேயில் ஆயில் கிடையாது, சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலையும் அது கழுவிவிடும். ஆயில் கலந்த புதுப் பெட்ரோலைச் சில துளி விட்டுப் பார்த்தாலே, பெட்ரோல் வராததுதான் குறையா என்பது தெரிந்துவிடும்.

ஆயில் பற்றிய நம்பிக்கைக்கு வரலாற்றில் ஒரு காரணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1950களின் மோட்டார்கள் இன்றைய அளவைவிட இரு மடங்குக்கு மேல் ஆயில் கேட்டவை. 24 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் என்பது அப்போது சாதாரணம். பேரிங்கும் ஆயிலும் தரமேறியதும் 1960களிலிருந்து 50-க்கு 1 என்பது பரவலானது. தாத்தா காலத்துக் கணக்கை இன்றும் வைத்துக்கொண்டு, கூடுதல் ஆயில் கூடுதல் பாதுகாப்பு என்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஜெட் வழியாகப் போகும் திரவத்தில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும், கலவை மெலிந்துபோகும். எரியாத ஆயில் பிளக்கை நனைக்கும், கார்பனாகி ரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பைக்குக்குப் போடும் 2டி ஆயிலும் இதற்கு மாற்று ஆகாது. பைக் எஞ்சின் காற்றில் குளிர்வது, அதிகச் சூட்டில் ஓடுவது. கடல் நீரில் குளிரும் படகு மோட்டாருக்கு என்றே டிசி-டபிள்யூ3 என்ற தர முத்திரையோடு, எரிந்தால் சாம்பல் விடாத ஆயில் விற்கிறார்கள். அந்த முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும்.

பிக்கப் பிரச்சினையில்தான் ஊகம் அதிகமாக விளையாடுகிறது. படகு வேகம் எடுக்கவில்லை என்றால் எஞ்சினுக்குச் சக்தி இல்லை என்று நேராகத் தாவிவிடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: த்ராட்டிலைத் திறக்கும்போது எஞ்சினின் சுற்று ஏறுகிறதா, இல்லையா? எஞ்சின் அலறியும் படகு நகரவில்லை என்றால் எஞ்சினில் குறையே இல்லை. புரொப்பெல்லரின் நடுவில் ஒரு ரப்பர் புஷ் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். கல்லிலோ கட்டையிலோ அடிபட்டால் கியர் உடையாமல் காப்பதற்காக வைத்தது. வயதானால் அந்த ரப்பர் பிடிப்பு விட்டு வழுக்கும். மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது, வேகம் கேட்டதும் வழுக்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு மார்க்கர் பேனா போதும். உள் குழாயிலிருந்து வெளி உருளை வரை ரப்பரைத் தாண்டி ஒரு நேர்க்கோடு போட்டுவிட்டு, ஒரு சுற்று ஓட்டி வந்து பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது.

சுற்றும் ஏறவில்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, எஞ்சின் சுமக்க வேண்டியதற்கு மேல் சுமக்கிறது. ஆண்டு முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும் நம் கடலில், தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகின் அடியில் கொட்டலசு ஒட்ட அதிக நாள் பிடிக்காது. அடிப்பாகம் சொரசொரப்பானால் நல்ல மோட்டாரும் திணறும். இன்னொன்று, பெட்ரோல் போதவில்லை. ஐடிலில் குடிக்கும் அளவு வந்துவிடும், முழு வேகத்துக்கு வேண்டியது வராது. மோட்டார் தொய்யும் அந்த நொடியில் இன்னொருவர் பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் பல்பைக் கையால் அமுக்கட்டும். உடனே உயிர் பெற்று ஓடினால் குறை பெட்ரோல் பம்ப்பிலோ குழாயிலோதான், கார்புரேட்டரில் கை வைக்க வேண்டாம். பல்ப் தானே உள்ளிழுத்துச் சப்பையாகியிருந்தால் டாங்கின் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்திருக்கிறீர்கள், அல்லது டாங்கின் பக்கம் அடைப்பு. எவ்வளவு அமுக்கியும் பல்ப் இறுகவே இல்லை என்றால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது, அல்லது பல்பின் வால்வே போய்விட்டது. பம்ப்பை இயக்குவது கிராங்க்கேஸின் அழுத்தத் துடிப்பு. அதில் உள்ள மெல்லிய டயாஃப்ரம் கிழிந்தாலும் இதே கதைதான். பல்பை அமுக்கியும் மாற்றம் இல்லை, த்ராட்டிலைத் திறந்ததும் கார்புரேட்டர் தும்மிவிட்டு நிற்கிறது என்றால், கலவை மெலிந்திருக்கிறது. அப்போதுதான் ஜெட்டுகளைக் கழற்ற வேண்டும். ஐடில் திருகைக் கூட்டி வைத்து நிற்காமல் ஓட்டுவது குறையை மறைக்கும், கியர் போடும்போது கிளட்ச் டாகையும் தேய்க்கும்.

பின்னால் பீய்ச்சும் தண்ணீர் நன்றாக வந்தால் மோட்டார் சூடாகாது என்பதும் பாதி உண்மை. பம்ப் வேலை செய்கிறது என்பதைத்தான் அது காட்டும். உப்புப் படிந்து உள்வழிகள் அடைத்திருந்தாலும், தெர்மோஸ்டாட் மூடியே நின்றுவிட்டாலும் அந்தத் தண்ணீர் வரும். சில மோட்டார்கள் சூடு மிஞ்சினால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் பிக்கப் இல்லை என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

அனுபவசாலி மெக்கானிக் காதால் கேட்டே சொல்லிவிடுவாரே, இத்தனை சோதனை எதற்கு என்று கேட்கலாம். நல்ல மெக்கானிக்கின் காதை நானும் மதிக்கிறேன். ஆனால் அவர் சொல்வது சரியா என்று அளந்து பார்க்க அவரே தயங்குவதில்லை. பிளக் மலிவுதானே, மாற்றினால் என்ன நட்டம் என்பது இன்னொரு வாதம். பிளக்கோடு நின்றால் நட்டமில்லை. பிளக்குக்குப் பிறகு காயில், காயிலுக்குப் பிறகு பவர் பேக் என்று ஊகம் வளர்ந்துகொண்டே போகிறது. சில சமயம் மாற்றியபோது தற்செயலாகச் சரியாகிவிடுவதால் உண்மையான குறை உள்ளேயே தங்கி, உபின் தீவுக்கும் சாங்கிக்கும் நடுவில் திரும்ப வருகிறது. இந்தப் படகுகளை ஓட்டக் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. தெற்கே செயிண்ட் ஜான்ஸ் தீவுப் பக்கம் மோட்டார் நின்றால், நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும் திசையில் உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று இருக்கிறது. புதிய ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கிவிட்டால் தொல்லை இல்லை என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: பழைய பெட்ரோல் அதன் இன்ஜெக்டரையும் அடைக்கும், கொட்டலசு அதன் படகிலும் ஒட்டும்.

வயதைப் பற்றிய வாதத்தில் நியாயமும் இருக்கிறது. எவின்ரூட் மோட்டார் தயாரிப்பே 2020-இல் நின்றுவிட்டது. ஸ்பேர் கிடைப்பது வருடா வருடம் கடினமாகும். எஞ்சின் உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா என்பதைக் கம்ப்ரஷன் கேஜ்தான் சொல்ல வேண்டும். ஜாலான் புசார் வட்டாரத்தின் ஹார்ட்வேர், உதிரிபாகக் கடைகளில் தேடினால் அது கிடைக்கும். மல்டிமீட்டர் வேண்டுமானால் சிம் லிம் டவர் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லாப் பிளக்கையும் கழற்றி, பிளக் ஒயர்களை உலோகத்தோடு இணைத்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்க வேண்டும். பல டூ-ஸ்ட்ரோக்குகள் 90 முதல் 120 பிஎஸ்ஐ வரை காட்டும். எண்ணைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வேறுபாடு. அது 10, 15 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த மோட்டார் எத்தனை வயதானாலும் ஓட வேண்டிய மோட்டார், குறையை வெளியே தேடுங்கள். ஒன்று 110 காட்ட, மற்றொன்று 60-லேயே நின்றால், கார்பன் நீக்கும் திரவத்தை ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, ஸ்டார்ட் செய்து அதை எரித்து வெளியேற்றிய பிறகு மறுபடி அளக்கலாம். அப்போதும் ஏறாவிட்டால் அந்த எஞ்சினுக்குப் புது பிளக் வாங்க வேண்டாம்.