புண்ணாக்கில் இன்னும் என்ன இருக்கிறது?

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, எண்ணெய்க் கணக்கில்தான் பார்ப்பார்கள். ஆட்டியபின் மிஞ்சும் புண்ணாக்கு மாட்டுக்குப் போகும். நொதிகளைக் கொண்டு அதிலிருந்து புரதமும் எண்ணெயும் பிரிக்கலாம் என்பது மெய்தான். ஆனால் அதைச் சுற்றிச் சில தவறான எண்ணங்களும் இருக்கின்றன.

நம்பிக்கை: புண்ணாக்கு வெறும் சக்கை.

உண்மை: கடலைப் புண்ணாக்கின் எடையில் ஏறக்குறைய பாதி புரதம். எக்ஸ்பெல்லரில் பிழிந்த பிறகும் 6 முதல் 8 சதவீதம் எண்ணெய் தங்கியிருக்கும். செக்குப் புண்ணாக்கில் இன்னும் கூடுதல். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், எண்ணெய் நீக்கிய கடலை மாவு 3 பங்கும் கொண்டைக்கடலை மாவு 1 பங்கும் கலந்து, 1950களிலேயே ஒரு சத்துமாவைத் தயாரித்தது. அதற்கு நொதிகூடத் தேவைப்படவில்லை.

நம்பிக்கை: நொதி ஒரு ரசாயன நஞ்சு.

உண்மை: நொதியும் புரதம்தான். முளைவிடும் விதை தன் சேமிப்பைக் கரைத்துக்கொள்வது நொதிகளால். ஆலையில் புண்ணாக்கை நீரில் கரைத்து, சுமார் 50 டிகிரி சூட்டில் நொதி சேர்ப்பார்கள். செல்லுலேஸ் செல்சுவரை உடைக்கும். புரோட்டியேஸ் புரதத்தை நறுக்கும். பிறகு நன்றாகச் சூடேற்றினால் நொதி செயலிழந்துவிடும். கவனம் வேண்டியது வேறிடத்தில்: நொதிப் பொடியைத் தொடர்ந்து சுவாசிக்கும் தொழிலாளிக்கு ஆஸ்துமா வரலாம்.

நம்பிக்கை: நொதி சேர்த்தால் சொட்டு எண்ணெய்கூட மிஞ்சாது.

உண்மை: ஹெக்சேன் கரைப்பான் அளவுக்கு நொதியால் எண்ணெயை இழுக்க முடியாது. வெளிவரும் எண்ணெயும் நீரோடு கலந்து பால்போல் நிற்கும். நறுக்கிய புரதம் கசக்கலாம். நொதி உண்மையிலேயே வென்ற இடங்கள் வேறு: ஹைதராபாத்தில் உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம் தவிட்டெண்ணெயின் பிசினை நீக்க நொதிமுறையை உருவாக்கியது. கோழித்தீவனத்தில் ஃபைட்டேஸ் நொதி தானியத்திலும் புண்ணாக்கிலும் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸை விடுவிக்கிறது.

நம்பிக்கை: பூஞ்சை பிடித்த புண்ணாக்கையும் நொதி சுத்தமாக்கிவிடும்.

உண்மை: இந்த எண்ணம்தான் ஆபத்தானது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை உண்டாக்கிய நஞ்சே காரணம். அஃப்ளாடாக்சின் என்ற பெயர் அதன்பிறகு வந்தது. அது புரதமன்று, எனவே புரோட்டியேஸால் அதை நறுக்க முடியாது. சாதாரணச் சமையல் சூட்டுக்கும் அழியாது. கடலையை ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அந்தப் புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் அதன் மாற்றுவடிவம் சுரக்கும். பாலுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்.

நஞ்சுள்ள புண்ணாக்கிலிருந்து புரதத்தைப் பிரித்தால் நஞ்சும் கூடவே வரக்கூடும். அதனால் புரதத்தின் தரம் தொட்டியில் அல்ல, களத்திலேயே முடிவாகிறது. ஈரம் 8 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை காயைக் காயவைக்க வேண்டும். பருப்பு உடையாமலிருக்கக் காயின்மேல் தண்ணீர் தெளித்துத் தோலுரிக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். நொதி ஆலைக்கு மானியம் கேட்பதற்கு முன்னால் இந்த ஊர்களுக்கு உலர்களமும் ஈரமானியும் கேட்பேன்.