ஒரு கணினி உருவான வரலாற்றைப் பேணல்: மக்கின்டொஷ் கணினி

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• மக்கின்டொஷ் கணினியின் அடிப்படை விபரங்களைக் குறிப்பிடுவீர்கள்.
• ஒரு கணினி உருவான வரலாற்றுக்குரிய சான்றுகளை வகைப்படுத்துவீர்கள்.
• அச்சான்றுகள் அழியும் விதத்தையும் பேணும் முறைகளையும் விளக்குவீர்கள்.

1. அறிமுகம்

கணினியின் வரலாற்றைப் படிக்கும்போது ஆண்டுகளையும் பெயர்களையும் மனனம் செய்கின்றோம். ஆனால் அவ்விபரங்கள் எமக்கு எவ்வாறு கிடைத்தன என்று சிந்திப்பது குறைவு. ஒரு கணினியைத் திறந்து பார்த்தால் அதன் உறுப்புக்களைக் காணலாம். அவ்வுறுப்புக்கள் ஏன் தெரிவு செய்யப்பட்டன, எவை கைவிடப்பட்டன, யார் எதற்காக வாதிட்டனர் என்பவற்றை அங்கு காணமுடியாது. இவற்றைத் தனியாகச் சேகரித்துப் பேணுதல் வேண்டும். அமெரிக்காவின் அப்பிள் நிறுவனம் உருவாக்கிய மக்கின்டொஷ் கணினி இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

2. மக்கின்டொஷ் கணினி

1979 இல் ஜெஃப் ரஸ்கின் என்பவர் இத்திட்டத்தைத் தொடங்கினார். சாதாரண மக்கள் இலகுவாகப் பயன்படுத்தக்கூடிய, விலை குறைந்த கணினி ஒன்றை ஆக்குவதே அவரது நோக்கமாகும். 1981 இல் ஸ்டீவ் ஜொப்ஸ் திட்டத்தின் தலைமையை ஏற்றார். 1982 இல் ரஸ்கின் நிறுவனத்தை விட்டு விலகினார். பரல் சிமித் மின்சுற்றுப் பலகையை வடிவமைத்தார். பில் அற்கின்சன், அன்டி ஹேர்ட்ஸ்பெல்ட் முதலியோர் மென்பொருளை எழுதினர். சூசன் கெயர் படவுருக்களையும் எழுத்துருக்களையும் வரைந்தார். 1984 ஜனவரி 24 இல் கணினி வெளியிடப்பட்டது.

நுண்முறைவழியாக்கி : மோட்டரோலா 68000, ஏறத்தாழ 8 மெகாஹேட்ஸ்
தற்போக்குப் பெறுவழி நினைவகம் : 128 கிலோபைற்று
வாசிப்பு மாத்திர நினைவகம் : 64 கிலோபைற்று
திரை : 9 அங்குலம், கறுப்பு வெள்ளை, 512 × 342 புள்ளிகள்
நெகிழ்வட்டு : 3.5 அங்குலம், 400 கிலோபைற்று
ஆரம்ப விலை : 2,495 அமெரிக்க டொலர்

கவனிக்க: வரைவியல் பயனர் இடைமுகம் கொண்ட முதற் கணினி மக்கின்டொஷ் என எழுதுவது பிழையாகும். செரொக்ஸ் நிறுவனத்தின் ஆல்டோ (1973), ஸ்டார் (1981), அப்பிளின் லீசா (1983) என்பன இதற்கு முந்தியவை. அவ்விடைமுகத்தையும் சுட்டியையும் பெருந்தொகையான மக்களிடம் கொண்டு சென்றமையே மக்கின்டொஷின் சிறப்பாகும்.

உதாரணக் கணிப்பு
இத்திரையில் ஒரு புள்ளிக்கு 1 பிற்று தேவை எனின், முழுத் திரைக்கும் தேவையான நினைவகம் யாது?
புள்ளிகளின் எண்ணிக்கை = 512 × 342 = 175,104
பைற்றுக்கள் = 175,104 ÷ 8 = 21,888
கிலோபைற்றுக்கள் = 21,888 ÷ 1024 = 21.4 (அண்ணளவாக)

அதாவது 128 கிலோபைற்றில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைத் திரையே எடுத்துக்கொண்டது. எஞ்சிய இடத்திலேயே ஏனைய எல்லா வேலைகளும் நடைபெறவேண்டியிருந்தன. செய்நிரலாளர்கள் ஒவ்வொரு பைற்றையும் எண்ணிச் செலவிட்டமைக்குக் காரணம் இதுவேயாகும்.

3. வரலாற்றுச் சான்றுகளின் வகைகள்

(அ) பொருட் சான்றுகள்
கணினி, அதன் மாதிரி வடிவங்கள், சுற்றுப் பலகைகள் என்பன இவற்றுள் அடங்கும். மக்கின்டொஷ் பெட்டியின் உட்புறத்தில் குழுவினரின் கையொப்பங்கள் வார்க்கப்பட்டுள்ளன. இக்கையொப்பங்கள் 1982 இல் பெறப்பட்டன. பெட்டியைத் திறப்பவர் மட்டுமே இவற்றைக் காணலாம்.

(ஆ) எழுத்து, பட ஆவணங்கள்
திட்டக் குறிப்புகள், வரைபடங்கள், ஒளிப்படங்கள் என்பன இவ்வகையின. லீசாவின் பயனர் இடைமுகத்தை உருவாக்கிய காலத்தில் அற்கின்சன், திரையில் தோன்றியவற்றைப் பொலரொய்ட் எனும் உடனடிப் படப்பிடிப்புக் கருவியால் படம்பிடித்து வைத்தார். சாளரம், பட்டி, சுருட்டுப் பட்டை என்பன படிப்படியாக மாறிவந்த விதத்தை அப்படங்கள் காட்டுகின்றன. மக்கின்டொஷின் இடைமுகம் இதிலிருந்தே வளர்ந்தது. சூசன் கெயர் கட்டம் போட்ட தாளில் சதுரங்களை நிரப்பி வரைந்த படவுருக்களும் பேணப்பட்டுள்ளன. ஒரு சதுரம் திரையின் ஒரு புள்ளியைக் குறிக்கும்.

(இ) மூலக் குறிமுறை
செய்நிரலாளர் எழுதிய வடிவிலுள்ள செய்நிரலே மூலக் குறிமுறை எனப்படும். வட்டில் விற்பனையாகும் மென்பொருள் பொறி மொழியில் இருப்பதால் அதை மனிதர் இலகுவாக வாசிக்க முடியாது. 2010 இல் கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம், அப்பிளின் அனுமதியுடன் மக்பெயின்ட், குவிக்டிரோ ஆகியவற்றின் மூலக் குறிமுறைகளை வெளியிட்டது. இவ்விரண்டும் அற்கின்சனின் ஆக்கங்கள். மக்பெயின்ட்டின் பெரும்பகுதி பஸ்கால் மொழியில் ஏறத்தாழ 5,800 வரிகளில் அமைந்தது. குவிக்டிரோ அசெம்பிளி மொழியில் 17,000 வரிகளுக்கு மேற்பட்டது. 2023 இல் லீசாவின் மூலக் குறிமுறையும் வெளியிடப்பட்டது.

(ஈ) வாய்மொழி வரலாறு
பங்குபற்றியோரின் நினைவுகளைப் பதிவு செய்தல் வாய்மொழி வரலாறு ஆகும். ஹேர்ட்ஸ்பெல்ட் தமது நினைவுகளையும் சக ஊழியர்களின் நினைவுகளையும் சிறு கதைகளாகத் தொகுத்து, 2004 இல் நூலாகவும் வெளியிட்டார்.

4. ஒரு சம்பவம்: கழித்தல் இரண்டாயிரம்

1982 இன் ஆரம்பத்தில் லீசா திட்ட முகாமையாளர்கள், ஒவ்வொரு செய்நிரலாளரும் வாரந்தோறும் எழுதிய வரிகளின் எண்ணிக்கையைப் படிவம் ஒன்றில் நிரப்பவேண்டும் எனக் கேட்டனர். அவ்வேளை அற்கின்சன் குவிக்டிரோவின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதியிருந்தார். அது முன்னையதிலும் ஏறத்தாழ ஆறு மடங்கு வேகமாக இயங்கியது. ஏறத்தாழ 2,000 வரிகளும் குறைந்தன. படிவம் வந்தபோது அவர் அதில் –2000 என எழுதினார். சில வாரங்களின் பின் அவரிடம் படிவம் கேட்பது நின்றுபோனது.

இதிலிருந்து அறியவேண்டியது யாது? மூலக் குறிமுறையை மட்டும் பேணியிருந்தால், நீக்கப்பட்ட 2,000 வரிகள் இருந்தனவென்றே எமக்குத் தெரியாது. படிவம் மட்டும் கிடைத்திருந்தால் –2000 என்பதை எழுத்துப் பிழை எனக் கருதியிருப்போம். நினைவுகூர்ந்து எழுதியவர் இருந்தமையாலேயே குறுகிய செய்நிரல் சிறந்ததாக அமையலாம் என்ற பாடம் எம்மை வந்தடைந்தது.

5. நினைவுகள் முரண்படும்போது

மக்கின்டொஷின் தந்தை யார் என்பதில் குழுவினரிடையே கருத்து வேறுபாடு உண்டு. திட்டத்தைத் தொடங்கியவர் ரஸ்கின். எனினும் அவரது ஆரம்ப வடிவம் மோட்டரோலா 6809 நுண்முறைவழியாக்கியைக் கொண்டது, சுட்டி இடம்பெறவில்லை. வெளிவந்த கணினி அதனின்றும் பெரிதும் வேறுபட்டது. எனவே ஒருவரின் கூற்றை மட்டும் ஏற்காது, திகதியிடப்பட்ட ஆவணங்களுடன் ஒப்பிடுதல் வேண்டும். ரஸ்கினின் ஆவணங்கள் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. 1997 இல் அப்பிள் நிறுவனமும் தனது வரலாற்று ஆவணங்களை அங்கு கையளித்தது. வணிக நிறுவனத்துக்கு எதிர்காலமே முக்கியம். பழையவற்றைக் காப்பது நூலகங்களின் பணியாகும்.

6. சான்றுகள் அழியும் விதமும் பேணும் முறையும்

• காந்த ஊடகம் காலப்போக்கில் தரவை இழக்கும். எனவே புதிய ஊடகங்களில் பல பிரதிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வைக்கவேண்டும்.
• வட்டு நன்றாயிருப்பினும் வாசிக்கும் கருவி இல்லாது போகலாம். மக்கின்டொஷின் 400 கிலோபைற்று வட்டுகள், வட்டின் சுழற்சி வேகத்தை மாற்றி எழுதப்பட்டவை. ஏனைய கணினிகளின் சாதாரண நெகிழ்வட்டுச் செலுத்திகளால் அவற்றை வாசிக்க முடியாது. ஆகவே பழைய கருவிகளையும் பழுதுபார்த்துப் பேணவேண்டும்.
• பழைய கணினியின் செயற்பாட்டைப் புதிய கணினியில் நடத்திக் காட்டும் மென்பொருள் இருந்தால், மூலப் பொருளைத் தொடாமலே பழைய செய்நிரலை இயக்கலாம்.
• மூலக் குறிமுறைக்குப் பதிப்புரிமை உண்டு. வெளியிடுவதற்கு உரிமையாளரின் அனுமதி பெறவேண்டும்.
• மனிதரின் நினைவுக்குப் பிரதி கிடையாது. ரஸ்கின் 2005 இலும் ஜொப்ஸ் 2011 இலும் அற்கின்சன் 2025 இலும் காலமாயினர். அவர்கள் வாழ்ந்த காலத்தில் பதியப்பட்டவை மட்டுமே இன்று எஞ்சியுள்ளன.

நினைவிற் கொள்க
கணினி என்ன செய்தது என்பதைப் பொருள் கூறும். எவ்வாறு செய்தது என்பதை மூலக் குறிமுறை கூறும். எப்போது மாறியது என்பதை ஆவணம் கூறும். ஏன் அவ்வாறு ஆயிற்று என்பதைப் பெரும்பாலும் மனிதரே கூறுவர். நான்கும் சேர்ந்தாலே வரலாறு முழுமை பெறும்.

பயிற்சி
1. 32 × 32 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படவுரு ஒன்றைச் சேமிக்கத் தேவையான பைற்றுக்கள் எத்தனை?
2. விற்பனைக்கு வந்த மென்பொருளை மட்டும் பேணுதல் போதாது. காரணம் தருக.
3. வாய்மொழி வரலாற்றின் ஒரு நன்மையையும் ஒரு குறைபாட்டையும் குறிப்பிடுக.
4. உங்கள் பாடசாலையில் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட கணினி ஒன்றைத் தெரிவு செய்க. அதைப் பயன்படுத்திய ஆசிரியர் ஒருவரிடம் கேட்கவேண்டிய ஐந்து வினாக்களை எழுதுக.

விடைக் குறிப்பு
1. 32 × 32 = 1024 பிற்றுகள்; 1024 ÷ 8 = 128 பைற்றுக்கள்.
2. அது பொறி மொழியில் உள்ளது. செய்நிரலாளரின் தர்க்கத்தையும் விளக்கக் குறிப்புகளையும் அதில் வாசிக்க முடியாது.
3. நன்மை: ஆவணங்களில் இல்லாத காரணங்களை அறியலாம். குறைபாடு: நினைவு தவறலாம், ஆளுக்காள் வேறுபடலாம்.
4. எப்போது, ஏன் வாங்கப்பட்டது, எதற்குப் பயன்பட்டது, என்ன பழுதுகள் ஏற்பட்டன, ஏன் நீக்கப்பட்டது என்பவற்றை உள்ளடக்கி எழுதுக. முடியுமாயின் விடைகளையும் கேட்டுத் திகதியிட்டுப் பதிந்து வைக்குக.