பாட்டிக்கு எப்போது விடுமுறை?



நவராத்திரியில் முதல் மூன்று நாள் துர்க்கை, அடுத்த மூன்று நாள் லட்சுமி, கடைசி மூன்று நாள் சரஸ்வதி என்று அம்பாளை வணங்குகிறோம். சரி, நம் வீட்டில் இருக்கும் பெண்களுக்கு நாம் என்ன செய்கிறோம்? இந்தக் கேள்வி எனக்குக் கோயிலில் வரவில்லை. கேமரன் மலையில், வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டின் அடுப்படியில்தான் வந்தது.

செமஸ்டர் விடுமுறையில் எங்கள் வீட்டுப் பெண்கள் மட்டும் இரண்டு நாள் அங்கே போனோம். பாட்டி, பெரியம்மா, அம்மா, பெரியம்மா மகள் அக்கா, நான், அக்காவின் ஆறு வயது மகள். நான்கு தலைமுறை, ஒரே வேன். தாப்பாவிலிருந்து மேலே ஏறும் வளைவுகளில் வாந்தி எடுத்தது நான்தான். பாட்டி ஜம்முனு உட்கார்ந்து வந்தார்.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் பாத்திரச் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் பாட்டி தேங்காய் துருவுறாங்க, அம்மா வெங்காயம் நறுக்குறாங்க, பெரியம்மா முந்தின இரவுப் பாத்திரங்களைக் கழுவுறாங்க. வீட்டிலிருந்தே அரிசி, குக்கர், மசாலாத்தூள் எல்லாம் வந்திருந்தது. எங்களுக்குத்தான் சுற்றுலா. அவர்களுக்கு அடுப்பு மட்டும் மாறியிருந்தது.

உபநிடதம் யாரிடம் சொல்கிறது?

தைத்திரீய உபநிடதத்தின் சிக்ஷாவல்லியில், படிப்பை முடித்து வீடு திரும்பும் மாணவனுக்குக் குரு அறிவுரை சொல்லும் பகுதி உண்டு. தாய், தந்தை, ஆசிரியர், விருந்தினர் ஆகியோரைத் தெய்வமாகக் கொள்ளச் சொல்கிறார். அந்த வரிசையில் தாய்தான் முதல். நாம் இதை மேடையில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் இது படித்தவனுக்குச் சொன்னது என்பதை மறந்துவிடுகிறோம். பட்டம் வாங்கப் போகிற நமக்குத்தான் இந்தப் பாடம். தெய்வத்துக்கு நைவேத்தியம் நாம் படைக்கிறோம். வீட்டுத் தெய்வத்திடம் மட்டும் "சாப்பாடு ரெடியா?" என்று கேட்கிறோம்!

அன்று மதியம் நானும் அக்காவும் சமைத்தோம். "நீங்க சமைச்சா யாரு சாப்பிடுறது?" என்று பாட்டி கேட்டார். நாசி கோரேங்கில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான். இருந்தாலும் மூவரையும் வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டோம்.

கை ஓய்ந்தபோது வாய் திறந்தது

எதிரே தேயிலைச் சரிவு. பாட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாட்டி, நீங்களும் இலை பறிச்சீங்களா?" என்று சின்னவள் கேட்டாள்.

"இல்ல ஆயி, நான் பால்மரம் சீவுனேன்."

அவள் முழங்கையைப் பிடித்து, விரலால் ஒரு சாய்கோடு போட்டுக் காட்டினார். "இடது பக்கம் மேல, வலது பக்கம் இறக்கம். உளி மெல்லிசா போவணும். கட்டையில பட்டுச்சுன்னா மரம் கெட்டுப்போயிரும். வெயில் வர்றதுக்கு முன்னாடியே சீவிடணும்."

நான் பொறியியல் மாணவி. பாட்டி சொன்ன ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. பால் குழாய்கள் உள்பட்டையில் சற்றே சாய்வாக ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அவற்றில் அதிகமானவற்றைத் திறக்கும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் உள்ள மெல்லிய வளர்படலம் காயப்பட்டால் புதுப்பட்டை சீராக வளராது. விடியலில் இலைகள் வழியே நீர் அதிகம் வெளியேறாததால் குழாய்களுக்குள் அழுத்தம் கூடுதல். பால் நன்றாக வடியும். நான் வகுப்பில் படித்த அழுத்தத்தைப் பாட்டி நெற்றிவிளக்கு வெளிச்சத்தில் கையால் தெரிந்துவைத்திருந்தார்.

"எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?" என்று கேட்டேன்.

"மூணாவது. எங்கம்மா மரம் வெட்டப் போயிரும். தம்பியப் பாத்துக்க ஆள் வேணும்ல?"

"படிக்கணும்னு ஆசை இல்லையா பாட்டி?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "இது வரைக்கும் யாரும் கேக்கலயே" என்றார்.

இருபது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கிறேன். நானும் கேட்டதில்லை. அம்மா முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அது புதுச் செய்தி.

ஆயுத பூஜைக்குத் தோட்டத்தில் உளி, வாளி, காண்டா எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்களாம். பாட்டியின் உளி இன்னும் எங்கள் ஸ்டோர் அறையில் இருக்கிறது என்றார். வருடா வருடம் என் மடிக்கணினிக்குச் சந்தனம் வைக்கிற எனக்கு அது தெரியவே தெரியாது. இந்த வருடம் இரண்டும் ஒரே தட்டில் இருக்கும்.

இந்த மாதப் பயிற்சி

1. குடும்பத்தோடு எங்கே போனாலும், குறைந்தது இரண்டு வேளைச் சமையலையும் கழுவும் வேலையையும் இளையவர்கள் ஏற்க வேண்டும். தம்பிமார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2. வீட்டின் மூத்த பெண்மணியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன வேலை செய்தீர்கள்? எதைக் கற்க ஆசைப்பட்டீர்கள்? அதை யார் தடுத்தது, அல்லது எது தடுத்தது? அவர் சம்மதித்தால் குரலைப் பதிவு செய்யுங்கள்.

3. கேட்டதை ஒரு பக்கம் எழுதி அடுத்த வார வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.

பாட்டி இப்போது எங்கள் சின்னவளோடு உட்கார்ந்து தமிழ்ப் புத்தகம் வாசிக்கிறார். முதல் வகுப்புப் புத்தகம்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். தப்பு வந்தால் சின்னவள் திருத்துகிறாள்.