நித்திரையும் மனநலமும்

தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பு உளைவு என்று வரும் எம்மவரிடம் நாம் முதலில் கேட்பது, "இரவில் நித்திரை வருகிறதா?" என்பதே. சிலருக்கு அந்தக் கேள்வியிலேயே கண் கலங்கிவிடும். ஷெல் சத்தத்துக்கு விழித்திருந்த இரவுகளை அகதிகளாக வந்த நாமும் அறிவோம்.

நித்திரைக் குறைவு மனச்சோர்வை வளர்க்கும். மனச்சோர்வு நித்திரையைக் கெடுக்கும். இந்தச் சுழலை உடைக்கச் சில பழக்கங்கள் உதவும்.

• இரவு எப்படிக் கழிந்தாலும், காலையில் ஒரே நேரத்தில் எழும்புங்கள்.

• பகல் வெளிச்சத்தில் 30 நிமிடம் விரைவாக நடவுங்கள். கிழமைக்கு 5 நாட்கள் நடந்தால், உலக சுகாதார நிறுவனம் கூறும் 150 நிமிடம் நிறைவாகும்.

• அருந்திய கோப்பியிலுள்ள கஃபீனில் ஏறத்தாழப் பாதி, 5 மணித்தியாலத்தின் பின்னரும் உடலில் இருக்கும். மதியத்துக்குப் பின் கோப்பி, தேநீரைத் தவிருங்கள்.

• மது நித்திரையைத் தருவதுபோல் தந்து, நடுச்சாமத்தில் எழுப்பிவிடும்.

• ஊர்ச் செய்திகளைப் படுக்கையில் பார்க்காதீர்கள். மாலையிலேயே பார்த்து முடியுங்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் மனச்சோர்வு நீடித்தால் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே சொல்லுங்கள். இது பைத்தியமல்ல, குணப்படுத்தக்கூடிய நோய். நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சவேண்டாம்; நோயாளியின் இரகசியம் காப்பது வைத்தியரின் கடமை.