மாநாட்டுக்கு முன்னே முடியும் பேரம்

உலகத் தலைவர்கள் கூடும் மாநாட்டுச் செய்தி நாளிதழில் வந்தால், "நமக்கும் இதற்கும் என்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் அங்கே எழுதப்படும் ஒரு வரி, சில ஆண்டுகளில் அரசு விதியாக நம் கடைப் படியேறி வந்து நிற்கிறது. அந்த வரி எப்போது, எப்படி உருவாகிறது என்பதை வணிகர்களாகிய நாம் அறிந்திருப்பது நல்லது. அதற்கு 2002ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் நடந்த நீடித்த வளர்ச்சிக்கான உலக உச்சி மாநாட்டை எடுத்துக்கொள்வோம்.

நீடித்த வளர்ச்சி என்பது என்ன?

நார்வே நாட்டுப் பிரதமராக இருந்த புருண்ட்லாண்ட் அம்மையார் தலைமையிலான ஆணையம் 1987இல் இதற்கு விளக்கம் தந்தது. வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் கேடு வராதபடி இன்றைய தேவையை நிறைவேற்றிக்கொள்வதே நீடித்த வளர்ச்சி. நம் கணக்கில் சொன்னால், முதலில் கை வைக்காமல் வரும்படியில் குடும்பம் நடத்துவது. மண், நீர், காடு, காற்று ஆகியவையே உலகத்தின் முதல். இதன் அடிப்படையில் 1992 ஜூன் மாதம் பிரேசிலின் ரியோ நகரில் மாநாடு கூடி, 40 அத்தியாயங்கள் கொண்ட 'அஜெண்டா 21' என்ற செயல்திட்டத்தை ஏற்றது. பத்தாண்டுகளில் அது எந்த அளவுக்கு நிறைவேறியது என்று பார்க்கவே ஜோகன்னஸ்பர்க் மாநாடு.

முன்னேற்பாடு நடந்த விதம்

மாநாடு நடந்தது 2002 ஆகஸ்ட் 26 முதல் செப்டம்பர் 4 வரை, பத்தே நாட்கள். ஆனால் அதைக் கூட்டுவதென ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது 2000 டிசம்பரில். இடைப்பட்ட காலத்தில் ஆயத்தக் குழு நான்கு முறை கூடியது. இந்தோனேசியாவின் எமில் சலீம் குழுவின் தலைவர்; மாநாட்டின் பொதுச்செயலாளர் நம் நாட்டைச் சேர்ந்த நிதின் தேசாய். முதல் மூன்று கூட்டங்கள் நியூயார்க்கில் நடந்தன. நான்காவது, அமைச்சர்கள் மட்டத்தில், 2002 மே 27 முதல் ஜூன் 7 வரை இந்தோனேசியாவின் பாலித் தீவில். நடுவே கண்டந்தோறும் வட்டாரக் கூட்டங்கள். ஆசிய பசிபிக் நாடுகள் 2001 நவம்பரில் கம்போடியாவின் புனோம் பென் நகரில் கூடின.

இக்கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. எல்லா நாடும் ஒப்புக்கொண்ட வாசகம் அப்படியே நிற்கும். தகராறான வாசகத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவார்கள். விலை படியாத சரக்கைத் தனியே ஒதுக்கி வைப்பது போல. பாலிக் கூட்டம் முடிந்தபோது ஏறத்தாழ முக்கால் பங்கு படிந்திருந்தது. கால் பங்கு அடைப்புக்குறிக்குள் இருந்தது. நிதியுதவி, உலக வாணிபம், காலக்கெடு ஆகியவையே அதில் முக்கியமானவை. அதாவது, தலைவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே பேரத்தின் பெரும்பகுதி முடிந்துவிட்டது.

மீதிக் கால் பங்கு என்ன ஆயிற்று? கழிப்பிட வசதி இல்லாத மக்களின் விகிதத்தை 2015க்குள் பாதியாகக் குறைப்பது என்ற இலக்கு கடைசி நேர இழுபறிக்குப் பின் ஏற்கப்பட்டது. புதுப்பிக்கத்தக்க எரிசக்தியின் பங்கை 2010க்குள் 15 சதவீதமாக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் கேட்டது, அது படியவில்லை. எண்ணும் கெடுவும் இல்லாமல் "கணிசமாக உயர்த்துவது" என்ற வாசகமே மிஞ்சியது. தேதி போடாத கடன் பத்திரத்தின் மதிப்பு என்னவென்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நமது இடம் எங்கே?

அஜெண்டா 21 மக்களை ஒன்பது பெரும் பிரிவுகளாகப் பிரித்தது. விவசாயிகள், தொழிலாளர், பெண்கள் என்ற அந்த வரிசையில் 'வணிகமும் தொழிலும்' ஒரு பிரிவு. சில்லறைக் கடைக்காரருக்கென்று தனிப் பிரிவு இல்லை. அந்தப் பிரிவின் சார்பில் ஜோகன்னஸ்பர்க்குக்கு ஆயத்தம் செய்தவை சர்வதேச வணிகக் கழகமும், பெரும் நிறுவனங்களின் உலக மன்றமும். மளிகைக் கடைக்காரரின் கணக்கும் பன்னாட்டு நிறுவனத்தின் கணக்கும் ஒன்றல்லவே!

அண்மைக்கால உதாரணம் ஒன்று. 2019 மார்ச்சில் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பற்றிய தீர்மானத்தை முன்வைத்தது இந்தியா. 2021 மார்ச்சில் மத்திய அரசு அதற்கான வரைவு விதியை வெளியிட்டு, மக்களின் கருத்தைக் கேட்டது. ஆகஸ்டில் இறுதி விதி வந்தது. 2022 ஜூலை 1 முதல் குறிப்பிட்ட பொருட்களுக்கு நாடெங்கும் தடை. கைப்பையின் குறைந்தபட்சத் தடிமன் முதலில் 75 மைக்ரான், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் என்று உயர்ந்தது. தமிழகத்திலோ மாநில அரசின் தடை 2019 ஜனவரி 1 முதலே வந்துவிட்டது. பலர் தடையைப் பற்றி யோசித்தது, அதிகாரி கடைக்குள் வந்து அபராதச் சீட்டைக் கிழித்தபோதுதான். மத்திய அரசின் வரைவு வெளியான அந்த வாரங்களே நம்முடைய 'பாலிக் கூட்டம்'.

நாம் செய்ய வேண்டியது

சுற்றுச்சூழலைக் காக்கும் விதியை எதிர்ப்பது நம் நோக்கமாக இருக்கலாகாது. ஏரி பாழானால் நெல் இல்லை. நெல் இல்லையேல் மண்டி ஏது? நாம் கேட்க வேண்டியது, நிறைவேற்றக்கூடிய விதியும் போதிய அவகாசமுமே.

அதற்குக் கணக்கு வேண்டும். மாதம் எத்தனை கிலோ பை செலவாகிறது, துணிப் பைக்கும் காகிதப் பைக்கும் அடக்கம் எவ்வளவு, கையிருப்பைத் தீர்க்க எத்தனை மாதம் பிடிக்கும் ஆகியவற்றை ஒவ்வொரு கடையும் குறித்துச் சங்கத்திடம் தர வேண்டும். வரைவு வந்தவுடன் சங்கம் அதை ஒரே மனுவாக்கிக் கெடுவுக்குள் அனுப்ப வேண்டும். இறுதி விதி வந்தபின் கடையடைப்புச் செய்து பெறுவதைவிட, வரைவு நிலையில் ஒரு தபாலில் பெறுவது அதிகம்.