இலங்கை செல்வோர் பணம் மாற்றும்போது

நம் கரையில் பல குடும்பங்களுக்குக் கொழும்பில் சொந்தம் உண்டு. 1964 புயலுக்கு முன் தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கினார்கள். இன்று விமானம், அல்லது 2023-இல் தொடங்கிய நாகப்பட்டினம்-காங்கேசன்துறை கப்பல்.

இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் பெயரில்தான் ஒன்று. மார்க்கச் சட்டத்தில் தங்கமும் வெள்ளியும் போல இரண்டும் வெவ்வேறு இனம். ஆகவே கூடக்குறைய மாற்றலாம், வட்டியாகாது. (பெருநாளைக்குப் புது நோட்டு வாங்க ஆயிரத்துக்கு மேல் கொடுத்து ஆயிரம் வாங்குகிறோமே, அது ஒரே இனம், அந்தக் கூடுதல்தான் வட்டி.) ஆனால் நிபந்தனை ஒன்று: இருவரும் அந்த இடத்தை விட்டுப் பிரியும் முன் இரு பணமும் கைமாறிவிட வேண்டும். இதுவே 'ஸர்ஃப்'.

"இங்கே என்னிடம் கொடுங்கள், அடுத்த வாரம் கொழும்பில் மச்சான் தருவார்" என்பது நம்மிடையே சாதாரணப் பேச்சு. தவணை நுழைந்துவிட்டதால் இது கூடாது. 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டமும் அனுமதிக்கவில்லை. முகத்துக்காகச் சம்மதித்து, பணம் வராமல் போனால் எங்கே முறையிடுவது?

ரிசர்வ் வங்கி அனுமதி பெற்றவரிடமே டாலர் வாங்குங்கள். இந்திய நோட்டாக 25,000 ரூபாய்க்கு மேல் கொண்டுபோகக் கூடாது. அங்கே மாற்றிய ரசீதைத் தொலைக்காதீர்கள். மீந்ததைத் திருப்பி மாற்றும்போது கேட்பார்கள்.